பத்து மணிக்குத் தொடங்கும் நாடகம்

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் வழியில் பாலவநத்தத்தைக் கடக்கிறார்கள். அந்த ஜமீனுக்கு உரியவர்தான் பாண்டித்துரைத் தேவர். 1901 செப்டம்பர் 14 அன்று நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர். சங்கத்தோடு ஒரு நூலகம் வந்தது, அச்சகம் வந்தது, 'செந்தமிழ்' இதழ் வந்தது. எல்லாம் மதுரையில் வந்தன. தமிழ்ச் சங்கத்தை மதுரையில் வைக்காமல் வேறெங்கே வைப்பார் என்று கேட்டால் நியாயம்தான். ஆனாலும் இந்தக் கரிசல் பூமியின் கதையை அந்த ஒரு செய்தி முன்கூட்டியே சொல்லிவிட்டது. தமிழுக்கான காசும் ஆர்வமும் இங்கே கிளம்பும். கட்டடம் வேறு ஊரில் எழும்.

எழுத்தாளர்கள் விஷயமும் இதேதான். சாகித்திய அகாதெமி விருது பெற்றவர்களில் கரிசல்காரர்களை எண்ணிப் பாருங்கள். 1991இல் கி. ராஜநாராயணன், 2007இல் மேலாண்மை பொன்னுச்சாமி, 2014இல் பூமணி, 2018இல் எஸ். ராமகிருஷ்ணன், 2019இல் சோ. தர்மன். இவர்களில் ராமகிருஷ்ணன் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்து மல்லாங்கிணறுக்காரர். விருது வாங்கிய 'சஞ்சாரம்' நாவல் கரிசல் மண்ணின் நாதஸ்வரக் கலைஞர்களைப் பற்றியது. அந்த நாவலைப் பற்றி அருப்புக்கோட்டையில் ஐம்பது பேர் உட்கார்ந்து ஒரு மாலை முழுக்கப் பேச வேண்டுமென்றால் எங்கே உட்காருவது? கல்யாண மண்டபத்தில். அதுவும் முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்து. ஆடியும் மார்கழியும் தமிழ் இலக்கியத்துக்கு உகந்த மாதங்களாக ஆனதில் பக்திக்கு எவ்வளவு பங்கோ, காலியாகக் கிடக்கும் மண்டபங்களுக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் சிறு அரங்குகள் உண்டா என்று கேட்டால் "தியேட்டரா? முன்னாடி நிறைய இருந்துச்சு" என்று சினிமாக் கொட்டகையைச் சொல்வார்கள். நாடக அரங்கு என்று திருத்திக் கேட்டால் கோயிலைக் கைகாட்டுவார்கள். இரண்டு பதிலுமே சரியானவை. இந்தக் கட்டுரை அவற்றின் வழியாகத்தான் போகவேண்டியிருக்கிறது.

முதலில் கோயில். இந்தப் பக்கத்து ஊர்களில் அம்மன் கோயிலுக்கு எதிரே, கொஞ்சம் தள்ளி, ஒரு மேடை நிற்கும். மூன்று பக்கம் சுவர், முன்பக்கம் திறப்பு, மேலே கான்கிரீட் தளம். நெற்றியில் 'கலையரங்கம்' என்று எழுதி, அதற்குக் கீழே நிதி ஒதுக்கிய சட்டமன்ற உறுப்பினர் பெயரோ நாடாளுமன்ற உறுப்பினர் பெயரோ ஆண்டோடு இருக்கும். ஊர்க்காரர்கள் அதை நாடக மேடை என்பார்கள். நடிகர் சாமியைப் பார்த்து நின்று ஆடும்படி கட்டியிருப்பார்கள். முதல் ரசிகர் உள்ளே கருவறையில் இருப்பவர். மேடைக்குத்தான் கூரை. பார்ப்பவர்களுக்கு மண்தரை, வானம், வீட்டிலிருந்து கொண்டுவந்த பாயும் சாக்கும். மற்ற நாட்களில் அந்த மேடையில் வத்தல் காயும், மல்லி காயும், நிழலுக்கு ஒதுங்கியவர்கள் சீட்டாடுவார்கள். வருஷத்தில் ஒன்றிரண்டு ராத்திரிதான் அது அரங்கம்.

அந்த ராத்திரிகளும் கண்டபடி வருவதில்லை. மானாவாரி வெள்ளாமை ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியது. பருத்தியும் சோளமும் வத்தலும் கைக்கு வந்து, காடு சும்மா கிடக்கும் பங்குனி, சித்திரை, வைகாசியில்தான் பொங்கல். தைப் பொங்கலைச் சொல்லவில்லை. இங்கே அம்மன் கோயில் திருவிழாவுக்கே பொங்கல் என்றுதான் பெயர். தலைக்கட்டு வரி பிரித்து, காப்புக் கட்டி, முளைப்பாரி வைத்து, கடைசியில் "என்ன நாடகம் பேசியிருக்கீக?" என்ற கேள்வியில் வந்து நிற்கும். நாடகம் 'பேசுவது' என்பதுதான் சொல். பேசி, விலை முடித்து, அட்வான்ஸ் கொடுப்பது.

அப்படிப் பேசி வருவது ஸ்பெஷல் நாடகம். தமிழ் நாடகக் கலையில் இவ்வளவு விசித்திரமான ஏற்பாடு வேறில்லை. இதில் கம்பெனி கிடையாது, இயக்குநர் கிடையாது, ஒத்திகை கிடையாது. மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி, மணப்பாறை போன்ற ஊர்களில் நடிகர் சங்கங்கள் உண்டு. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து, ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து, பபூனும் டான்ஸும் வேறெங்கிருந்தோ வருவார்கள். ஆர்மோனியமும் மிருதங்கமும் ஆல்ரவுண்டும் தனித்தனியாகப் பேசப்பட்டவை. சீன் கட்டுகிறவர் ஒருவர், மைக்செட் இன்னொருவர். அன்று ராத்திரி மேடைக்குப் பின்னால் அரிதாரம் பூசும்போதுதான் சிலர் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். பத்து மணிக்கு ஏறி, விடிகிற வரைக்கும் 'வள்ளி திருமண'த்தை நடத்தி முடித்துவிடுவார்கள்.

எப்படி முடிகிறது? சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வைத்துவிட்டுப் போனதால் முடிகிறது. 1867இல் தூத்துக்குடிக்குப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து 1922இல் புதுச்சேரியில் மறைந்த அந்த மனிதர் வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி என்று ஒரு பொதுச் சொத்தை உண்டாக்கினார். யார் யாரோடு சேர்ந்தாலும் கதை ஒன்று, பாட்டு ஒன்று, வரிசை ஒன்று. நடுவில் நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கம் மட்டும் அன்றைய ஆட்களின் சாமர்த்தியம். அந்தத் தர்க்கத்தைக் கேட்கவே கூட்டம் உட்கார்ந்திருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத சம்சாரி ஒருவர், போன வருஷ வள்ளியையும் இந்த வருஷ வள்ளியையும் ஒப்பிட்டுச் சொல்லும் தீர்ப்பு எந்த விமர்சகருக்கும் குறைந்ததில்லை. இந்த வட்டாரத்தின் நாடக ரசனை அப்படி வளர்ந்தது.

இந்த மேடை சும்மா பொழுதுபோக்கு மேடையாகவும் இருக்கவில்லை. சிவகாசியில் பிறந்து திருமங்கலத்தில் வளர்ந்த விஸ்வநாததாஸ் முருகன் வேஷத்தில் நின்றுகொண்டு வெள்ளைக்காரனை எதிர்த்துப் பாடினார். அதற்காகச் சிறைக்கும் போனார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் அதே வேஷத்தில், மேடையில், மயில்மேல் இருந்தபடியே உயிர் போனது. நாகலாபுரத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் மதுரகவி பாஸ்கரதாஸ் நாடகத்துக்கும், பிறகு முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸு'க்கும் (1931) பாட்டெழுதினார். அவர் நாட்குறிப்புகள் புத்தகமாக வந்திருக்கின்றன. அவருடைய பேரன்கள்தான் எழுத்தாளர்கள் ச. தமிழ்ச்செல்வனும் கோணங்கியும், 'மணல்மகுடி' நாடகக் குழுவின் ச. முருகபூபதியும். முருகபூபதி தம் குழுவுக்கு வைத்த முழுப் பெயர் 'மணல்மகுடி நாடக நிலம்'. கரிசல்காரர் ஒருவருக்கு நாடகம் என்றதும் முதலில் தோன்றியது நிலம்.

இவ்வளவு பெருமை பேசிய பிறகு ஒரு கசப்பையும் சொல்லியாக வேண்டும். அந்தக் கலையரங்கம் யாருடையது? வரி கொடுக்கிற தலைக்கட்டுகளுடையது. வரி யாரிடம் வாங்குவார்கள், யாரிடம் வாங்க மாட்டார்கள் என்பது ஊருக்குத் தெரியும். ஒரே ஊருக்குள் இரண்டு அம்மன், இரண்டு பொங்கல், இரண்டு மேடை என்று இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். 1957இல் முதுகுளத்தூரில் மூண்ட சாதிக் கலவரத் தீயின் சூட்டை இந்தப் பூமி இன்னும் மறக்கவில்லை. அரசுப் பணத்தில் கட்டினாலும், கோயில் முன்னால் கட்டிய மேடை அந்தக் கோயிலின் மேடைதான். நவீன நாடகக்காரர் ஒருவர் அங்கே போய் சாதியைக் கேள்வி கேட்கும் நாடகத்தைப் போட முடியுமா என்று யோசித்தால் போதும். மேடையில் ஆடும் பெண்களைப் பற்றிய பேச்சும் இதோடு சேர்ந்தது. ராத்திரி முழுக்க ரசித்துவிட்டு, விடிந்ததும் ஸ்திரீபார்ட்டைத் தரக்குறைவாகப் பேசும் வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. மதுரையில் பல காலம் இவர்களோடு பழகி சூசன் சைசர் என்ற அமெரிக்க ஆய்வாளர் எழுதிய புத்தகத்தின் மையமே அந்தக் களங்கம்தான்.

இங்கேதான் "தியேட்டரா?" என்ற முதல் பதிலுக்கு வருகிறோம். தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகைதான் என்று கா. சிவத்தம்பி எழுதினார். தரை டிக்கெட், பெஞ்சு, சேர் என்று பிரிவு இருந்தது. ஆனால் அது காசுப் பிரிவு. காசு கொடுத்தவனை "நீ எந்தத் தெரு?" என்று கேட்கும் வழக்கம் டிக்கெட் கவுண்டரில் இல்லை. டூரிங் டாக்கீஸ் ஊர் ஊராக வந்தபோது மணலைக் குவித்து அதன்மேல் ஏறி உட்கார்ந்தவனுக்குத் திரை நன்றாகத் தெரிந்தது. உயரத்துக்கு அங்கே அவ்வளவுதான் விலை. அந்தக் கூட்டம் என்ன செய்யும் என்பதை அருப்புக்கோட்டையே காட்டியது: 1977 தேர்தலில் எம்.ஜி.ஆர். இந்தத் தொகுதியில் நின்று ஜெயித்துத்தான் முதன்முறை முதலமைச்சர் ஆனார்.

பிறகு நடந்தது எல்லா ஊரிலும் நடந்ததுதான். டிவி வந்தது, வீடியோ வந்தது, கொட்டகை கூட்டம் இழந்தது. இடம் மண்டபமாகவோ குடோனாகவோ ஜவுளிக்கடையாகவோ மாறியது. டூரிங் டாக்கீஸ் நினைவுகளை எழுதிக் கண்கலங்குவது இப்போது தனி இலக்கிய வகையாகிவிட்டது. அந்த வரிசையில் சேர எனக்கு விருப்பமில்லை. எனக்குப் படுகிற நஷ்டம் வேறு. டிக்கெட் வாங்கிய எவரும் உட்காரலாம் என்றிருந்த பொதுத்தரை போய்விட்டது. மிச்சமிருப்பவை கோயில் மேடையும் கல்யாண மண்டபமும். மண்டபங்களில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு உறவின்முறையின் பெயரைத் தாங்கி நிற்பவை.

உறவின்முறை என்றதும் குறை மட்டும் சொல்லக்கூடாது. விருதுநகர், சிவகாசி, சாத்தங்குடி, திருமங்கலம், பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களின் நாடார் வணிகர்கள் ஏவாரத்தில் மகமை எடுத்துப் பொதுநிதி சேர்த்து, கோயிலும் கிணறும் பள்ளிக்கூடமும் கட்டிய வரலாறு உலக அளவில் ஆய்வாளர்கள் எழுதிய வரலாறு. அருப்புக்கோட்டையில் நெசவாளர் சமூகமான தேவாங்கரும் கல்லூரி கட்டினார்கள். ஆகவே இது காசில்லாத ஊர் என்ற பேச்சு செல்லாது. பள்ளி கட்டத் தோன்றியது, கல்லூரி கட்டத் தோன்றியது, அடுத்துக் கல்யாண மண்டபம் தோன்றியது. நூறு பேர் உட்காரும் ஒரு கலைக்கூடம் மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. மண்டபம் வாடகை தரும். கவிதை வாசிப்பு தராது. கணக்கு அவ்வளவுதான்.

சரி, இலக்கியம் இதுவரை எங்கேதான் பிழைத்தது? பெரும்பாலும் கடைகளில். கோவில்பட்டியில் கவிஞர் தேவதச்சனின் நகைக்கடை ஒரு தலைமுறைக்கே திண்ணையாக இருந்தது. டீக்கடை பெஞ்சு, சைக்கிள் கடை, தையல் கடை, கிளை நூலகத்தின் வாசற்படி என்று ஒவ்வொரு ஊருக்கும் ஓர் இடம். கடைக்காரர் நல்லவராக இருக்கிறவரை இலக்கியம் நடக்கும். திருச்சுழியில் சுந்தரர் பாடிய திருமேனிநாதர் கோயில் உண்டு, 1879இல் ரமண மகரிஷி பிறந்த சுந்தர மந்திரம் வீடு உண்டு. தேவாரமும் தியானமும் அங்கே தம் போக்கில் நடக்கின்றன. பட்டிமன்றத்துக்குப் பஞ்சமில்லை, அது பொங்கல் செலவில் நாடகத்துக்குப் போட்டியாகவே வந்துவிட்டது. நாடகத்துக்குப் பத்துப் பதினைந்து பேர் வேண்டும். பட்டிமன்றத்துக்கு ஆறு பேரும் ஒரு நடுவரும் போதும்.

1975இல் மதுரையில் தொடங்கி இன்று தமுஎகச என்றாகியிருக்கும் முற்போக்கு எழுத்தாளர் சங்கம் கலை இரவுகளை நடத்தியது. எழுத்தறிவுக்காக நடந்த தொண்ணூறுகளின் அறிவொளி இயக்கம் முச்சந்தியையே மேடையாக்கியது. அந்த அனுபவத்தைத் தமிழ்ச்செல்வன் 'இருளும் ஒளியும்' என்ற புத்தகமாக எழுதியிருக்கிறார். கலை இரவுக்காரர்கள் புத்திசாலிகள். ஸ்பெஷல் நாடகத்தின் ராத்திரியையே எடுத்துக்கொண்டார்கள். பாட்டு, பறை, வீதி நாடகம், பேச்சு என்று விடியவிடியப் போட்டார்கள். ராத்திரி முழுக்க நடத்துவதில் ஒரு நடைமுறை ரகசியம் உண்டு. இந்த ஊர்களுக்குக் கடைசி பஸ் சீக்கிரம் போய்விடும். எட்டு மணிக் கூட்டம் என்றால் பக்கத்து ஊர்க்காரன் பாதியில் எழுந்து ஓட வேண்டும். விடியவிடிய என்றால் முதல் பஸ் பிடித்துக்கொள்ளலாம். விடிகிற வரைக்கும் நாடகம் நீண்டதற்குப் புராணத்தின் நீளம் மட்டும் காரணமில்லை.

இப்போது அந்த ராத்திரிக்கே சிக்கல் வந்துவிட்டது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்கின்றன. வருஷத்தில் பதினைந்து நாளுக்கு மிகாமல், அதுவும் நள்ளிரவு வரை, மாநில அரசு தளர்த்தலாம். உச்ச நீதிமன்றமும் 2005 தீர்ப்பில் இதை இறுக்கிப் பிடித்தது. விதியில் குற்றம் சொல்ல மாட்டேன். கூம்பு ஸ்பீக்கருக்குக் கீழே பரீட்சைக்குப் படித்த பிள்ளைகள், பச்சைக் குழந்தை வைத்திருந்த தாய்மார்கள் யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள்: நாடகம் தொடங்குவது பத்து மணிக்கு, மைக் அணைய வேண்டியதும் பத்து மணிக்கு. காவல் நிலைய அனுமதி, நீதிமன்ற நிபந்தனை என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் விழாக் கமிட்டி அலைகிறது. எட்டு மணி நேரக் கலையை இரண்டு மணி நேரமாகச் சுருக்கினால் முதலில் வெட்டுப்படுவது நாரதர், வள்ளி தர்க்கம். கடைசிவரை நிற்பது பபூன், டான்ஸ் காமிக்.

அதே விதியில் யாரும் கவனிக்காத ஒரு வாசல் இருக்கிறது. மூடிய கட்டடங்களுக்குள், அரங்கம், சமுதாயக் கூடம் போன்றவற்றுக்குள், அங்கே இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும்படி ஒலிபெருக்கி வைக்கத் தடையில்லை. அதாவது நூற்றைம்பது பேருக்கு ஒரு கூரையும் நான்கு சுவரும் இருந்தால் வள்ளி திருமணம் விடியவிடிய நடக்கலாம், சட்டப்படி. அத்தனை சின்ன அறைக்கு மைக்கே தேவைப்படாமலும் போகலாம். மைக்செட் வருவதற்கு முந்தைய ராஜபார்ட்டுகள் தொண்டையை நம்பித்தானே பாடினார்கள்.

வெளியூர் உதாரணம் ஒன்று. கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் ஹெக்கோடு என்ற சின்னக் கிராமம். 1949இல் அங்கே கே. வி. சுப்பண்ணாவும் நண்பர்களும் 'நீநாசம்' தொடங்கினார்கள். ஊருக்குள்ளேயே அரங்கம் கட்டினார்கள். 1980இல் நாடகப் பள்ளி, 1985இல் மாநிலம் சுற்றும் 'திருகாட' நாடகக் குழு. ஷேக்ஸ்பியரையும் காளிதாசனையும் பாக்குத் தோட்டக்காரர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். 1991இல் சுப்பண்ணாவுக்கு மகசேசே விருது. ஹெக்கோட்டை எடுத்துக்காட்டாகச் சொல்பவர்கள் ஒன்றை மறப்பார்கள்: அங்கே மலைநாட்டு மழையும் பாக்கு வருமானமும் உண்டு. நமக்கு இரண்டும் கிடையாது. ஆனால் அவர்கள் செய்த முதல் காரியத்துக்கு மழை தேவைப்படவில்லை. அரங்கம் நகரத்தில்தான் இருக்க வேண்டும் என்பதை அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். தமிழ்நாட்டிலும் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் கட்டைக்கூத்துச் சங்கம் கிராமத்திலேயே தன் கூத்துக் கூடத்தை வைத்திருக்கிறது.

நம் அரசுக்குப் பெரிதாகக் கட்டத்தான் ஆசை. 2023 ஜூலையில் மதுரையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் நிஜமாகவே அருமையான கட்டடம். திருச்சுழிப் பக்கத்து நரிக்குடிப் பிள்ளைக்கு அது ஒரு நாள் பயணம். 2022இல் மாநில அரசு இலக்கியத் திருவிழாக்களை அறிவித்தபோது பொருநை, வைகை, காவிரி, சிறுவாணி என்று ஆறுகளின் பெயரில் வைத்தது. ஆறே இல்லாத பூமிக்காரன் என்ன செய்வான்? குண்டாற்றில் தண்ணீர் ஓடிய வருஷத்தை விரல்விட்டு எண்ணலாம். அதே 2022 நவம்பரில் விருதுநகரில் மாவட்டப் புத்தகத் திருவிழா நடந்தது, பிறகு மாவட்ட நிர்வாகம் கரிசல் பெயரிலேயே இலக்கிய விழாவும் எடுத்தது. நல்லதுதான். ஆனால் திருவிழா என்பது மறுபடியும் பொங்கல் மாதிரித்தான். பந்தல் பிரித்ததும் முடிந்துவிடும். திருவிழா இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்கே போவது என்பதுதான் இங்கே கேள்வி.

அருப்புக்கோட்டையில் ஆயிரம் இருக்கை அரங்கம் கட்டுங்கள் என்று கேட்பவர்களோடு நான் சேர மாட்டேன். கட்டினால் ஆறே மாதத்தில் அது வளைகாப்புக்கும் காதுகுத்துக்கும் போய்விடும். வேண்டியது சின்ன அறை. நூறு பிளாஸ்டிக் சேர், நான்கு மின்விசிறி, ஒரு பக்கம் முழங்கால் உயர மேடை, இரண்டு விளக்கு, பூட்டாத பெண்கள் கழிப்பறை. கடைசியாகச் சொன்னது இல்லாததால்தான் பாதி இலக்கியக் கூட்டங்கள் ஆண்கள் கூட்டமாக நடக்கின்றன. ஐந்து மணிக்குத் தொடங்கி எட்டுக்கு முடித்தால் கடைசி பஸ்ஸையும் பிடிக்கலாம். கோயிலுக்கு முன்னால் வேண்டாம், எந்தத் தெருவுக்கும் சொந்தமாக வேண்டாம்.

இதற்குப் புதிதாகக் கட்டக்கூடத் தேவையில்லை. 2006 முதல் 2011 வரை நடந்த அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் ஒரு நூலகக் கட்டடம் எழுந்தது. விருதுநகர் மாவட்டத்தில் 450 ஊராட்சிகள். கட்டடம் பொதுச் சொத்து. கோயில் வரியும் இல்லை, மகமையும் இல்லை, தலைக்கட்டும் இல்லை. சினிமாக் கொட்டகைக்குப் பிறகு நம் ஊர்களில் எவரும் உள்ளே போய் உட்காரலாம் என்று வந்த ஒரே கூரை அது. அதிலும் பல, பூட்டிக் கிடக்கின்றன. புத்தகங்களைக் கரையான் வாசிக்கிறது. நகரத்துக் கிளை நூலகங்களுக்கோ 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நம் சொத்து வரியோடு சேர்த்து ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி போய்க்கொண்டிருக்கிறது. ஆக, நூலகத்தில் உட்கார நாம் ஏற்கெனவே டிக்கெட் எடுத்துவிட்டோம்.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். அடுத்த கூட்டத்தில் உங்கள் ஊரில் எழுந்து நின்று ஒன்றே ஒன்று கேளுங்கள்: நூலகக் கட்டடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது?